ஒரு தேக்சா பிரியாணி, மூன்று மடங்கு அழைப்பு

உங்கள் பயிற்சி வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து பேசும்படி நம் சமூக சேவை சென்டரிலிருந்து என்னைக் கேட்டார்கள். பேச எழுந்தால் எனக்கு மைக் வேலை செய்யுமா, கரண்ட் போய்விடுமா, யாராவது தூங்கிவிடுவார்களா என்ற கவலையிலேயே பாதி நேரம் ஓடிவிடும். எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல் தோல், தைத்துக்கொண்டிருந்து, அங்கிருந்து களப்பணிக்கு வந்தவள் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நீங்களெல்லாம் கல்லூரி பார்த்தவர்கள்.

வீடு வீடாகக் கணக்கெடுப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஆள் கூட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் வேலையில் பாதி அதுதான். மீதிப் பாதி, கூடியவர்களை என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்கள் கூட்டம் போட்டேன். பத்துப் பேரை அழைத்தேன். பத்துப் பேரும், "வர்றேன் எஸ்தரு, கண்டிப்பா வர்றேன்" என்றார்கள். வந்தது ஒரே ஒரு அம்மா. அவரும் காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தவர். ஆடு எங்கள் பந்தலுக்குள்தான் நின்றிருந்தது. வருகைப் பதிவில் இரண்டு என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்றைக்கு எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். பத்துப் பேர் வேண்டுமென்றால் முப்பது பேரைக் கூப்பிட வேண்டும். பதினோரு மணிக்கு வேண்டுமென்றால் ஒன்பது மணி என்று சொல்ல வேண்டும். இந்த விதி என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை. அதனால் நம் முகாமுக்கு வந்த ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். மனப்பாடமாக ஒப்பிக்கவும் வைப்பேன்.

அந்த முகாம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள் விடுமுறையில் வந்து, பேரணாம்பட்டு போகிற சாலையில் இருக்கும் நம் சென்டரில் ஒரு மாதம் தங்குவார்கள். சுற்று ஊர்களில் கழிப்பறைக்குக் குழி வெட்டுவார்கள், தண்ணீர்த் தொட்டி கழுவுவார்கள், பீடி சுற்றும் பெண்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லித் தருவார்கள். சென்டரில் சமையல் கிடையாது. மத்தியானச் சாப்பாடு ஊர் வீடுகளில்தான். எந்த வீடு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வோம். காகிதச் சீட்டு வியர்வையில் கிழிந்துவிடுமென்று, அப்பர் தைக்கும் வீடுகளில் மிஞ்சும் தோல் துண்டுகளில் வீட்டுக்காரர் பெயரை எழுதி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு வைத்திருந்தோம். கையை விட்டால் எந்தத் தெருவும் வரும், எந்தச் சாதியும் வரும், எந்த மதமும் வரும். சீட்டை மாற்றக் கூடாது. முகாமுக்கு அது ஒன்றுதான் சட்டம்.

பிறகு காலம் மாறியது. பிள்ளைகள் வருவது குறைந்து, ஒரு வருடம் யாருமே வரவில்லை. முகாம் நின்றது. ஹாலில் பழைய பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள்.

நான் ஓய்வு பெற இருந்த வருடம் புது டைரக்டர் வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், தன்மையானவர். ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்:

"அக்கா, முகாமைத் திரும்ப ஆரம்பிக்கலாமான்னு கேக்குறாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா, அப்ப வந்த பசங்களுக்கும் இந்த ஊருக்கும் இன்னும் ஏதாவது ஒட்டு இருக்கான்னு பாக்கணும். பழைய பசங்களை ஒரு நாள் இங்க வரவைங்க. ஒட்டு இருந்தா ஆரம்பிப்போம். இல்லன்னா அந்த ஹாலை வேற வேலைக்குக் குடுத்துடலாம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த ஒரு மாதமும் இல்லை.

போனில் ஒரு குழு தொடங்கி, கிடைத்த பழைய மாணவர்களையெல்லாம் சேர்த்தேன். "வருவீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டார்கள். கட்டைவிரலை நம்பி நாற்காலி போட முடியுமா? "கண்டிப்பா வர்றேன்" என்று வாயால் சொன்னவர்களையே பார்த்தவள் நான். ஆகவே விதியை எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போட்டு, "நீ வர்றதோட சேத்து இன்னும் மூணு பேரையாவது கூட்டிட்டு வரணும், ஒன்பது மணிக்கு" என்றேன். எண்பது பேர் வந்தால் போதும் என்பது என் கணக்கு. ஆம்பூரிலிருந்து சலீம் பாயை வரவழைத்து, எண்பது பேருக்கு ஒரு தேக்சா, அதாவது ஒரு பெரிய அண்டா, பிரியாணிக்குச் சொல்லி வைத்தேன். டைரக்டர் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை ஒன்பது மணி. ஹாலில் நாற்காலிகள் இருந்தன, நான் இருந்தேன், போட்டோகிராபர் இருந்தார். ஒன்பதரை. நாங்களேதான். பத்து மணிக்குச் சலீம் பாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா எஸ்தரு, நாள் மாத்திச் சொல்ட்டியா?" என்றார்.

நிதானமாக யோசித்திருந்தால் புரிந்திருக்கும். நான் ஒன்பது என்றால் பதினொன்று என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நான்தானே ஒப்பிக்க வைத்தேன். ஆனால் பதறுகிறவளுக்கு நிதானம் எங்கிருந்து வரும்? டைரக்டர் வரும்போது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. மைக் செட் ஆட்டோ வைத்திருக்கும் பாபுவைக் கூப்பிட்டு, "முகாம் பசங்களுக்குச் சோறு போட்டவங்கள்லாம் சென்டருக்கு வரணும்னு நாலு ஊர்லயும் சொல்லிட்டு வா" என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் காற்றில் பாபுவின் குரல் வந்தது:

"அன்பார்ந்த பொதுமக்களே! உங்க ஊட்ல சாப்ட்டு வளர்ந்த பசங்க எல்லாரும் சென்டர்ல வந்து உங்களுக்காகக் காத்துக்கினு கீறாங்க! மதியம் ஆம்பூர் பிரியாணி உண்டு! குடும்பத்தோட வரவும்!"

திரும்பி வந்தவனைப் பிடித்தேன். "பிரியாணின்னு உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"சும்மா வாங்கன்னா யாருக்கா வருவாங்க?"

அவனும் ஆள் கூட்டுகிற தொழில்காரன்தான்.

பதினோரு மணிக்கு முதல் வேன் வந்தது. இறங்கியது பிரபாகர். மதுரைக்காரன். முகாமுக்கு வந்தபோது கொடி மாதிரி இருப்பான். இப்போது ஒரு பேங்கில் மேனேஜர், தலையில் முடி இல்லை. "எஸ்தரக்கா!" என்று கத்திக்கொண்டே வந்து என் இரண்டு கையையும் பிடித்தான். அவனுக்குப் பின்னால் மனைவி, பிள்ளைகள், மாமியார், தங்கை குடும்பம், அப்புறம் யாரென்று எனக்குத் தெரியாத ஒரு வேன் நிறைய ஆட்கள்.

"யாருடா இவங்கல்லாம்?"

"நம்ம பழைய பசங்கதான் அக்கா. கூட அவங்க வீட்டு ஆளுக. இதை முடிச்சுட்டு அப்படியே ஏலகிரி போறோம்."

"உன்கிட்ட மூணு பேருக்குத்தானே சொல்லச் சொன்னேன்?"

"மூணு பேர் வரணும்னா ஒம்பது பேருக்குச் சொல்லணும்ல? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே! யாரும் வரமாட்டாய்ங்கன்னு நெனச்சேன். ஒம்பது பேரும் வந்துட்டாய்ங்க. அவங்க ஆளுக்கு ஒம்பது பேருக்குச் சொல்லியிருக்காங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வேன். அப்புறம் கார்கள். பேரணாம்பட்டு பஸ் நம் வாசலில் நின்றபோது பாதி பஸ் காலியாகிவிட்டது. எல்லாரும் என் பாடத்தை ஒரு வரி விடாமல் படித்த பிள்ளைகள். ஒரு டீச்சருக்கு இதைவிடப் பெருமை உண்டா? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துவிட்டது.

அதே நேரத்தில் சாலையின் இரண்டு பக்கமிருந்தும் ஊர் வந்தது. நல்ல புடவை கட்டி, பூ வைத்து, பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பி, பிரியாணிக்கென்று நாலு ஊரும் நடந்து வந்தது.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "பாய், கொஞ்சம் ஜாஸ்தி பண்ண முடியுமா?"

"எவ்ளோ ஜாஸ்தி?"

வாசல் பக்கம் கையைக் காட்டினேன். பாய் எட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது இன்னா, கல்யாணமா? தம் போட்டாச்சு எஸ்தரு." தேக்சாவை மூடி, மூடி மேல் நெருப்பை அள்ளிப் போட்டிருந்தார். "இனிமே கலெக்டரே வந்தாலும் இதுல ஒரு பிடி அரிசி சேக்க முடியாது. வெளிய வாங்கலாம்னா, இவ்ளோ பேருக்கு யாரு ரெடியா வெச்சிருப்பான்?"

வந்தவர்கள் சாப்பிடாமல் திரும்பினார்கள் என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு நிற்கும். அது மட்டுமா? டைரக்டர் முன்னாலேயே கூட்டம் பசியோடு முணுமுணுத்தால், ஒட்டாவது உறவாவது? ஹாலைப் பூட்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார். முகாம் அதோடு சரி.

அப்போது என் தோளை ஒரு கை பிடித்துத் திருப்பியது. ஷகிலா ஆபா; ஆபா என்றால் அக்கா. வீட்டிலேயே மெஷின் போட்டு அப்பர் தைப்பவர். முகாம் பிள்ளைகள் ஆபா வீட்டுச் சீட்டு வந்தால் விசில் அடிப்பார்கள், அப்படிச் சமைப்பார்.

"இன்னா எஸ்தரு, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?"

சொன்னேன். ஆபா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த குழந்தை பயந்துவிட்டது.

"இதுக்கா பேஜார் ஆவுற? எங்க ஊட்டுப் புள்ளைங்களை ஹால்ல வரிசையா ஒக்கார வெச்சுச் சோறு போடுவியா நீ? வாளியை எடு. சீட்டுப் போடு. அவங்கவங்க ஊட்டுக்கு நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"ஆபா, நீங்கல்லாம் பிரியாணிய நம்பி அடுப்பே பத்த வெக்கலையே?"

"இப்ப பத்த வெச்சா எரியாதா?"

இந்த இடத்தில்தான் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி போட்டு எல்லாரையும் ஹாலிலேயே உட்கார வைத்தால், டைரக்டர் வரும்போது ஹால் நிரம்பி வழியும். பார்க்க அழகாக இருக்கும். யாருக்கும் வயிறு நிறையாது. வீடுகளுக்கு அனுப்பினால் வயிறு நிறையும். ஆனால் டைரக்டர் வந்து காலி நாற்காலிகளைப் பார்ப்பார். ஒரு மாதம் தூங்காமல் நான் பயந்தது அந்தக் காலி நாற்காலிகளுக்குத்தான்.

ஆபா என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். பிரபாகரின் பிள்ளை, "அம்மா பசிக்குது" என்றது.

"வாளி எங்க இருக்குன்னு பாக்குறேன்" என்றேன்.

பழைய சீட்டுகள் எப்போதோ போய்விட்டன. ஆபாவின் மருமகள் வீட்டுக்கு ஓடி ஒரு பை நிறையத் தோல் துண்டும் ரெண்டு மார்க்கரும் கொண்டுவந்தாள். நாலு ஊர்ப் பெண்களும் வரிசையில் நின்று, "எம் பேரு எழுது, மூணு சீட்டுப் போடு", "எனக்கு நாலு", "எங்க வீட்ல இடம் இருக்குது, அஞ்சு எழுது" என்று போட்டி போட்டார்கள். ஹால் முழுக்கத் தோல் வாசனை. வயதான பேங்க் மேனேஜர்களும், டாக்டர்களும், வாத்தியார்களும் வாளியைச் சுற்றி ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினார்கள். ஆபா வீட்டுச் சீட்டு எடுத்த ஒரு டாக்டரம்மா நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தார்.

பிரபாகர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான். முகாமில் இருந்தபோது அவனுக்குத் திரும்பத் திரும்பக் கோவிந்தம்மா வீடுதான் வரும். கோவிந்தம்மா எப்போது போனாலும் முருங்கைக்கீரைதான் வைப்பார், கூடவே திட்டும் வைப்பார். சீட்டைத் திருப்பிப் பார்த்தவன் அலறினான்.

"எக்கா! மறுபடியும் கோவிந்தம்மா!"

ஹாலே கைகொட்டியது.

"சீட்டை மாத்திக்கலாமாக்கா?"

"மாத்தக் கூடாது!" என்று நான் சொல்வதற்கு முன் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அவன் மாமியாருக்குத் தனியாக வேறு ஊரில் சீட்டு விழுந்தது. அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கொஞ்ச நேரத்தில் ஹால் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதமாக ஒன்று சேர்த்த கூட்டத்தை நானே வாசலில் நின்று பிரித்து அனுப்பியிருந்தேன். சலீம் பாய் தம் உடைத்தார். மணம் சாலை வரைக்கும் போனது. மணம் பிடிக்க ஆள் இல்லை.

"எஸ்தரு, இத யாரு துண்றது?" என்றார் பாய்.

பாருங்கள், காலையில் ஆள் இல்லை. அப்புறம் சோறு இல்லை. இப்போது சோறு இருக்கிறது, ஆள் இல்லை. சரியாக அந்த நேரத்துக்கு டைரக்டரின் கார் உள்ளே வந்தது.

அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். கரண்டியோடு நின்ற பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை, அதுதான் கொடுமை.

"பரவால்லக்கா" என்றார் மெதுவாக. "நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். காலம் அப்படி. யாரும் வரலன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"வந்தாங்க சார்."

"சரிக்கா."

"இல்ல சார், நெஜமா வந்தாங்க. ரொம்ப ஜாஸ்தியா வந்துட்டாங்க. அதான் அனுப்பிட்டேன்."

அவர் சலீம் பாயைப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. பாய், "ஆமா சார், எல்லாரும் சாப்பிடப் போய்ட்டாங்க" என்றார், ஒரு தேக்சா பிரியாணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

பாபுவை மைக்கில் கத்தச் சொல்லி எல்லாரையும் திரும்ப வரவைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வாயில் வைத்த சோற்றோடு எழுந்து வருவார்கள், பாவம். அவர்கள் இருக்கட்டும், இவர் போகட்டும் என்று வாளியைத் தூக்கி நீட்டினேன். அடியில் சில சீட்டுகள் மிச்சம் இருந்தன.

"சார், ஒண்ணு எடுங்க."

"இன்னாக்கா இது?"

"எடுங்க சார், அப்புறம் சொல்றேன்."

எடுத்தார். கோவிந்தம்மா.

அவரைப் பாபுவின் ஆட்டோவில் ஏற்றினேன். பாய் பிரியாணியைப் பாத்திரம் பாத்திரமாக எடுத்து அதே ஆட்டோவில் அடுக்கி, "போற வழியில ஊட்டுக்கு ரெண்டு கரண்டி குடுத்துட்டுப் போடா" என்றார். ஆட்டோ கிளம்பியதும் மைக் முழங்கியது: "பிரியாணி வந்துகினே கீது! பிரியாணி வந்துகினே கீது!"

அதற்குப் பிறகுதான் எனக்குக் கவலை ஆரம்பித்தது. சார் சைவமா என்று கேட்கவே இல்லையே. கோவிந்தம்மா அவரையும் திட்டினால்? அரை மணியில் வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. இரண்டு மணி, மூன்று மணி, ஒரு ஆள் வரவில்லை. போட்டோகிராபர் கேமராவைப் பைக்குள் வைத்துக் கிளம்பத் தயாரானார். அவர் பையின் ஒரு வாரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

அப்போது தூரத்தில் மைக் சத்தம். பாபுவின் குரல் இல்லை. டைரக்டரின் குரல்.

"எஸ்தரக்கா கவனத்துக்கு! எல்லாரும் திரும்பி வந்துட்டு இருக்கோம்! போட்டோகிராபரைப் போக விடாதீங்க! திரும்பவும் சொல்றேன், போக விடாதீங்க!"

ஆட்டோவுக்குப் பின்னால் சாலை அடைத்துக்கொண்டு வந்தார்கள். போனவர்கள் மட்டும் இல்லை, சோறு போட்டவர்களும், காலையில் வராமல் வீட்டில் இருந்தவர்களும், அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். டைரக்டர் இறங்கினார். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். விரலெல்லாம் பச்சை.

"கீரை ஆய்ஞ்சேன்க்கா" என்றார்.

நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்குள் அவரே கொட்டினார். பிரபாகர் கோவிந்தம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் யாரையும் கேட்காமல் நேராகப் புழக்கடைக்குப் போனானாம். கழிப்பறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தானாம். அவன் குழி வெட்டி, அவனே கதவு மாட்டியது அது. கோவிந்தம்மா பின்னாலேயே கரண்டியோடு போய், "டேய் மொட்டை, தாழ்ப்பாளைத் தலைகீழா வெச்சுட்டுப் போய்ட்டியே, இத்தினி வருஷமா ஒவ்வொரு நாளும் உன்னத்தாண்டா திட்டினு கீறேன்" என்று ஆரம்பித்தவர், சாப்பாடு முடியும் வரை நிறுத்தவே இல்லையாம். அவன் சாப்பிட்ட கையோடு ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கித் தாழ்ப்பாளைத் திருப்பி மாட்டினானாம். டார்ச் பிடித்தது டைரக்டர்.

"இப்பவும் சரியில்ல சார்!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து கோவிந்தம்மா குரல் வந்தது. "இப்ப கதவு மூடவே மாட்டேங்குது!"

டைரக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒட்டு இருக்கான்னு கேட்டேனேக்கா. சண்டை போடுற அளவுக்கு இருக்குது. முகாமை ஆரம்பிச்சுடலாம். மொதல் தடவைக்கு இருபது பசங்க போதும்."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் பிரபாகர் கத்தினான்: "அறுபது பேரைக் கூப்பிடுங்கக்கா!"

"ஐயோ வேணாம்!" என்று டைரக்டர் கும்பிட்டார். "இருபதுன்னா இருபதே கூப்பிடுங்க!"

போட்டோ எடுக்கும்போது ஹாலில் இடம் போதவில்லை. வெளியே சாலையில் நிற்க வைத்து எடுத்தார்கள். பேரணாம்பட்டு பஸ் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது, அதுவும் படத்தில் இருக்கிறது.

இப்போது உங்களுக்கு வேலை வந்திருப்பது அந்த முகாமில்தான். என் விதியை நீங்கள் மறந்துவிட வேண்டாம், புது ஊருக்குப் போனால் அது உதவும். ஆனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எடுங்கள். நம்மிடமே பாடம் படித்தவர்களை மூன்று மடங்கு கூப்பிடாதீர்கள். கூட்டம் சமாளிக்க முடியாமல் போனால் ஹாலைப் பார்க்காதீர்கள், வந்தவர்களின் முகத்தைப் பாருங்கள். பசித்தவர்கள் யார், அடுப்பு வைத்திருப்பவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை. இதைச் சொல்கிறேனே தவிர, அடுத்த தடவையும் நான் பதறத்தான் பதறுவேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முகாம் தொடக்கத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறீர்கள். ஒன்பது மணி என்று போட்டிருக்கிறது. அப்படிப் போடச் சென்டரில் யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும், அதற்கு அர்த்தம் பதினொன்று என்றும் தெரியும். இருந்தாலும் நான் எட்டரைக்கே வந்து வாசலில் நிற்பேன். யாரும் வரவில்லையே என்று கவலைப்பட ஒரு ஆள் வேண்டாமா?